பழுது பார்த்தலும் ஒரு தொண்டே

தட்டுப்பாடு நேருங்காலத்தில் அரிசி, பருப்பு, பால்மா முதலியவற்றை இல்லாதோர்க்குப் பங்கிடுதல் நம்மிடையே வழக்கமாயுள்ளது. அது வேண்டற்பாலதே. ஆயின், தனித்து வாழும் முதியோரின் பழுதுற்ற அடுப்பையும் கிழிந்த கதிரையையும் செப்பனிட்டுக் கொடுத்தலும் ஒரு தொண்டு என்பதை நாம் அதிகம் எண்ணுவதில்லை. அதுபற்றி ஈண்டுச் சில சொல்ல விரும்புகின்றேன்.

2022 ஆம் ஆண்டை எவரும் மறந்திரார். மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டது. செப்டெம்பரில் உணவுப் பண்டங்களின் விலை முந்திய ஆண்டிலும் நூற்றுக்கு ஏறத்தாழ 95 உயர்ந்திருந்தது. எரிவாயு கிடையாமையால், பரணிற் கிடந்த மண்ணெண்ணெய் அடுப்புகள் பல வீடுகளில் மீண்டும் இறங்கின. ஓய்வூதியத்தையே நம்பியிருந்த முதியோர்க்குப் புதுப்பொருள் வாங்குதல் எட்டாக் கனியாயிற்று.

அந்நாளில் என் அயலிலுள்ள ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் அடுப்பைத் திருத்திக் கொடுத்தேன். சுடர் மஞ்சளாய் எரிந்து சட்டியெல்லாம் கரி பிடித்திருந்தது. கருகிய திரிகளைச் சமமாய் நறுக்கி, கட்டையானவற்றை மாற்றி, காற்றுத் துளைகளில் அடைந்த கரியைச் சுரண்டியதும் சுடர் நீலமாயிற்று. “புதுசு வாங்கிறதெண்டால் மகனிட்டைக் காசு கேக்கவேணும், தம்பி. இது எரிஞ்சால் நான் ஒருதரிட்டையும் கேக்கத் தேவையில்லை” என்றார் அவர்.

இச்சொல்லிலே முழு நியாயமும் அடங்கியுள்ளது. உணவுப் பொதி சில நாட் பசியைத் தணிக்கும்; எரியும் அடுப்போ தாமே சமைத்துண்ணும் நிலையைக் காக்கும். குடைக்கம்பி முறிந்தால் முதியவர் வெயிலிற் கோயிலுக்குப் போவதை விடுகிறார். சாய்மனைக் கதிரையின் துணி கிழிந்தால் விறாந்தையில் வந்திருந்து பேசுவதை விடுகிறார். சிறு பழுதுகளாலேயே ஒருவர் பிறர் கையை எதிர்பார்ப்பவராகிவிடுகிறார்.

ஆதலின் இத்தொண்டிற்கு ஒரு முறையுண்டு. “இதை எறிந்துவிடுங்கள்” என்று சொல்லலாகாது. பொருளை எடுத்துச் செல்லாது, உரியவர் முன்னிலையில், அவர் சொல்வதைக் கேட்டே திருத்தவேண்டும். மின்சார உபகரணங்களையும் ஒழுகும் எண்ணெய்த் தாங்கிகளையும் தேர்ந்த தொழிலாளரிடமே விடவேண்டும். முதியவர் தரும் தேநீரை மறுக்கலாகாது. அது அவர் மனமுவந்து கொடுக்கும் கூலி.

இங்கே கற்பவரும் இளைஞரே. 1990 இல் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் அற்றுப்போய், மண்ணெண்ணெயும் பற்றரியும் அரிதாகிய பின்னர், ஜாம் போத்தலில் திரியிட்டு விளக்கேற்றிப் பிள்ளைகளைப் படிப்பித்தவர்களும், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்களும் இன்றைய முதியோரே. அவர்தம் கையறிவு எந்தப் பாடநூலிலும் இல்லை.

1958 இல் கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியர் ஏ. ரி. ஆரியரத்ன தம் மாணவரைப் பின்தங்கிய கிராமமொன்றிற்கு அழைத்துச் சென்றமையே சர்வோதய சிரமதான இயக்கத்தின் தொடக்கமாயிற்று. வீதிக்கும் கிணற்றுக்கும் ஈந்த அவ்வுழைப்பை முதியோரின் அடுக்களைக்கும் ஈதல் அரிதன்று. ஒரு குறடு, ஓர் அரம், சிறிது கம்பி, ஊசி, நூல், மாதத்தில் ஒரு சனிக்கிழமை இவை போதும். ஆசிரிய அன்பர்கள் தத்தம் பாடசாலைகளில் இதனைத் தொடங்கி வைப்பார்களாக.