பாக்கி

'ஓய்வு' யாருக்குச் சொந்தமான சொல்? காலமெல்லாம் உழைத்தவருக்கு என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். சட்டம் அப்படி நினைப்பதில்லை. எது வேலை, எது வேலையில்லை என்று முதலில் அது பிரிக்கிறது. யாருக்கு ஓய்வு என்பது அதற்கப்புறம்தான். அமெரிக்காவின் கறுப்புக் கிழவிகளைப் பற்றி இந்த இதழ் பேசவேண்டியிருப்பது இதனால்தான்.

1935 ஆகஸ்ட் 14 அன்று ரூஸ்வெல்ட் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். 65 வயதைத் தாண்டிய தொழிலாளிக்கு மாதாமாதம் பணம். உலகமே மெச்சிய சட்டம். ஆனால் விவசாயக் கூலியையும் வீட்டு வேலையையும் அது வெளியே நிறுத்திவிட்டது. வரி வசூலிக்கச் சிரமம் என்று அதிகாரிகள் காரணம் சொன்னார்கள். தென்மாநிலப் பருத்திக் காட்டு முதலாளிகளுக்கு அந்தக் காரணம் ரொம்ப வசதியாயிருந்தது. 'கறுப்பர்' என்ற சொல் சட்டத்தில் எங்கும் கிடையாது. எதுக்கு இருக்கணும்? தொழிலைச் சொன்னால் போதாதா? கறுப்புத் தொழிலாளர்களில் ஏறக்குறைய 65 சதவீதம் பேர் அந்த ஒரே வீச்சில் வெளியே போனார்கள். 1940 கணக்கெடுப்பில், வேலையிலிருந்த கறுப்புப் பெண்களில் பத்துக்கு ஆறு பேர் வீட்டு வேலைக்காரிகள்.

தெரியாமல் நடந்துவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது. சட்டம் நிறைவேறும் முன்பே கறுப்பர் உரிமைச் சங்கத்தின் வழக்கறிஞர் சார்லஸ் ஹூஸ்டன் செனட் குழுவின் முன் போய் நின்றார். இது சல்லடை, இதன் ஓட்டைகள் எங்கள் ஜனம் கீழே விழுகிற அளவுக்குத்தான் போடப்பட்டிருக்கின்றன என்று சொன்னார். கேட்டுக்கொண்டார்கள். சலித்தார்கள்.

அதே 1935 நவம்பரில் எல்லா பேக்கரும் மார்வெல் குக்கும் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதித் தெருமுனைகளைப் பற்றி எழுதினார்கள். கறுப்புப் பெண்கள் காலையில் வந்து வரிசையாக நிற்பார்கள். வெள்ளை வீட்டம்மாக்கள் வந்து பார்த்து, பேரம் பேசி, மணிக்குச் சில சென்டுகளுக்குக் கூட்டிப்போவார்கள். அந்தக் கட்டுரை இதை அடிமைச் சந்தை என்றே அழைத்தது. அந்தச் சந்தையில் நின்ற முப்பது வயதுக்காரிக்கு 1970-இல் 65 வயது. அவளுடைய கணக்கில் என்ன இருந்திருக்கும்?

1950-இல் சட்டத்தைத் திருத்தி, ஒரே வீட்டில் தொடர்ந்து வேலை செய்தவர்களைச் சேர்த்தார்கள். 1954-இல் வாசலை இன்னும் கொஞ்சம் திறந்தார்கள். கதவு திறந்தது, கணக்கு திறக்கவில்லை. அந்த ஓய்வூதியத்தைச் சம்பளம் அதிகமிருந்த 35 வருஷத்தை வைத்துக் கணக்கிடுகிறார்கள். பதிவு இல்லாத வருஷத்துக்குப் பூச்சியம். முதலாளியம்மா வரி கட்டாமல் கையில் கொடுத்த காசு, கொடுத்த பழந்துணி, மிச்சச் சோறு எல்லாமே பூச்சியம்தான். நான் வங்கி குமாஸ்தா. பேரேட்டில் பூச்சியம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். உழைப்பு நடந்ததா இல்லையா என்று பேரேடு கேட்பதில்லை. பதிவு உண்டா என்றுதான் கேட்கும்.

எழுத்து காப்பாற்றும் என்று நம்புகிற மாணவத் தோழர்கள் ஸோரா நீல் ஹர்ஸ்டனை நினைத்துக்கொள்ளுங்கள். நாவலாசிரியை, மானுடவியலாளர். 1950-இல் மயாமியில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் வேலைக்காரியாக இருந்தார். 1960-இல் புளோரிடாவில் அரசாங்க அநாதை விடுதியில் செத்தார். ஊர்க்காரர்கள் காசு சேர்த்துப் புதைத்தார்கள். குழிக்கு ஒரு கல்லுகூட இல்லை. 1973-இல் ஆலிஸ் வாக்கர் தேடிப்போய்க் கல் நட்டார்.

பழைய கதையென்று தள்ள முடியாது. குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1938-இல் வந்தது. வீட்டு வேலைக்காரிக்கு அது 1974-இல்தான் கிடைத்தது. அப்போதும் முதியோரைக் கவனிப்பவர்களைத் 'துணையிருப்பவர்' என்று பெயர் மாற்றிக் கழித்துவிட்டார்கள். ஜமைக்காவில் பிறந்த இவ்லின் கோக் நியூயார்க்கில் இருபது வருஷத்துக்குமேல் பிறர் வீட்டுக் கிழவர்களைக் குளிப்பாட்டி, சோறூட்டி, மலம் துடைத்தவர். கூடுதல் நேரத்துக்குக் கூலி கேட்டார். 2007-இல் உச்சநீதிமன்றம் ஒரே குரலில் 'கிடையாது' என்றது. 2009-இல், 74 வயதில் செத்தார். 2013-இல் அந்த விலக்கைச் சுருக்கி விதி வந்தது. 2025-இல் அதைத் திரும்பப் பெறலாம் என்று அமெரிக்கத் தொழிலாளர் துறை முன்மொழிந்தது.

உடம்புக்கும் ஒரு கணக்கு உண்டு. வெயிலிலும் மழையிலும் கிடந்த கட்டை சீக்கிரம் உளுத்துப்போகும். நிறவெறியைத் தாங்கித் தாங்கிக் கறுப்புப் பெண்ணின் உடம்பு வயதுக்கு முன்பே மூப்படைகிறது என்று 1992-இல் ஆர்லின் ஜெரோனிமஸ் முன்வைத்தார். ஆனால் 1983 திருத்தமோ முழு ஓய்வூதிய வயதை 65-லிருந்து படிப்படியாக 67-க்குத் தள்ளியது. மேசையில் உட்கார்ந்தவனுக்கும் முட்டிபோட்டுத் தரை துடைத்தவளுக்கும் ஒரே 67. இதுக்குப் பேரு சமத்துவமாம்!

அந்தக் கிழவிகள் சும்மா இருந்துவிடவில்லை. வீட்டு வேலை செய்த டோரதி போல்டன் 1968-இல் அட்லாண்டாவில் வீட்டு வேலைக்காரிகளின் சங்கத்தைக் கட்டினார். உறுப்பினராகணுமா, முதலில் வாக்காளர் பட்டியலில் பேரைச் சேர் என்றார்.

1946-இல் அம்பேத்கர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972-இல் பம்பாயில் நம் தோழர்கள் கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்து பெயரை எடுத்துக்கொண்டார்கள். இளைஞர்களின் கோபத்தை வாங்கிக்கொண்டோம். கிழவிகளின் கணக்கை இன்னும் வாங்கவில்லை. இங்கே 1952-இல் வந்த வருங்கால வைப்புநிதிச் சட்டமும் சாதிப் பெயர் எதையும் சொல்லவில்லை. முதலில் 50 பேர், பிறகு 20 பேர் வேலை செய்யும் நிறுவனத்தை மட்டும் தேடியது. நாற்று நட்ட வயலும் பாத்திரம் தேய்த்த வீடும் அதன் கண்ணில் நிறுவனமாகத் தெரியவில்லை. அந்த வயலிலும் வீட்டுக் கொல்லையிலும் குனிந்திருந்தது யார் என்று நான் சொல்லணுமா?

முதியோர் பணத்தை 'உதவித்தொகை' என்கிறது அரசு. அந்த வார்த்தையை நாம் சுமக்க வேண்டாம். உழைத்த வருஷத்தைப் பதியாமல் விட்டவன் தருவது பாக்கி. சேரிக்குப் போகும் தோழர்கள் கையில் ஒரு நோட்டு எடுத்துப்போங்கள். எந்தக் கிழவி எத்தனை வருஷம் யார் வயலில், யார் வீட்டில் உழைத்தாள் என்று அவள் வாயாலேயே கேட்டு எழுதுங்கள். பாக்கியைக் கேட்க முதலில் பேரேடு வேண்டும்.