ரயிலில் வந்ததா மஞ்சள் காமாலை?

திப்ருகரில் கிளம்பிக் கன்னியாகுமரிக்குப் போகும் விவேக் எக்ஸ்பிரஸ் 4,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. அது கோவையில் நிற்கும்போது முதுகுப்பையோடு இறங்கும் இளைஞர்களில் பலர் பவுண்டரிக்கும் ஸ்பின்னிங் மில்லுக்கும் வேலைக்கு வருகிறவர்கள். யாருக்காவது கண் மஞ்சளித்துவிட்டால் போதும், “இவுங்க வந்துதான் எல்லாம் பரவுது” என்று டீக்கடையில் தீர்ப்பே எழுதிவிடுகிறோம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். மஞ்சள் காமாலை என்பது அறிகுறி; அதன் பின்னால் பல கிருமிகள் உண்டு. ஹெபடைடிஸ் ஏ, இ இரண்டும் பெரும்பாலும் குடிநீரில் சாக்கடை கலப்பதால் வருபவை. ஒரு தெருவே மொத்தமாகப் படுத்துவிட்டால் ரயிலைப் பார்க்க வேண்டாம், குழாயைத் தோண்டிப் பார்க்க வேண்டும்.

ஊர்விட்டு ஊர் போகிறவர்களின் தடத்தைச் சுமப்பது ஹெபடைடிஸ் பி. அதில் ஏ முதல் ஜே வரை பத்து மரபு வகைகள். இந்தியாவில் அதிகம் இருப்பது டி, அடுத்தது ஏ. சி வகை கிழக்கிலும் வடகிழக்கிலும் தென்படுகிறது. ஆட்கள் நகர்ந்தால் வகையும் நகரும் என்பது மெய்தான். ஆனால் அது தலைமுறைக் கணக்கில் நடக்கிற காரியம். அடிமைக் கப்பல்களில் போன ஆப்பிரிக்க ஏ வகையின் வழித்தோன்றல் இன்றும் ஹைட்டியில் இருக்கிறது. இப்போது மேற்கு ஆப்பிரிக்காவெங்கும் நிறைந்திருக்கும் இ வகையோ ஹைட்டியில் அரிது. கப்பல்கள் நின்ற பிறகுதான் அது ஆப்பிரிக்காவில் பெருகியிருக்கும் என்று ஆய்வாளர்கள் கணிக்க இதுவே காரணம்.

ஏன் இந்த நிதானம்? பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைகளின் உடலில் கிருமி நிலைத்துவிடும். பெரியவர்களுக்குத் தொற்றினால் நூற்றில் ஐந்து பேருக்குக்கூட நிலைக்காது. அதனால் காலங்காலமாக அது குடும்பத்தோடு குடும்பமாகவே நகர்ந்திருக்கிறது. சி வகையில் தாயின் ரத்தத்தில் கிருமியின் வீரியம் மற்ற வகைகளைவிடப் பிந்தியே அடங்குவதால், தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகும் இந்த வழி இன்னும் நீண்ட காலம் திறந்திருக்கும். ஒரே அறையில் படுத்து, ஒரே மெஸ்ஸில் சாப்பிடுவதால் ஹெபடைடிஸ் பி ஒட்டாது. விடுதியில் நாலு பேர் ஒரே ரேசரில் மழிப்பதும், கிருமி நீக்காத ஊசியால் திருவிழாக் கடையில் பச்சை குத்திக்கொள்வதும்தான் கவலைக்குரியவை. அந்தத் தவறில் உள்ளூர்க்காரரும் உண்டு.

ஹெபடைடிஸ் பி-யில் எந்த வகையானாலும் தடுப்பூசி ஒன்றே. பிறந்த 24 மணி நேரத்துக்குள் தொடையில் ஒரு ஊசி. பிறகு 6, 10, 14 வாரங்களில் ஐந்து நோய்த் தடுப்பூசிக்குள் அடங்கிய தவணைகள். 2011 முதல் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி நாடு முழுவதும் இலவசம். சிக்கல் தவணையில்தான் வருகிறது. திருப்பூரில் பிள்ளை பெற்ற ஒடிசாப் பெண் ஆறாவது வாரத்தில் சொந்த ஊரில் இருப்பாள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் நம் வீட்டுப் பெண்ணுக்கும் இதே கதைதான். அடுத்த ஊசி எது என்று அந்த ஊர் நர்ஸுக்குச் சொல்லப்போவது, துணிப்பையின் அடியில் மடித்துவைத்த அந்தத் தடுப்பூசி அட்டைதான்.