நுகத்தடியும் மூக்கணாங்கயிறும்

காலை ஆறு மணிக்கு நான் நாயை உலாவ அழைத்துச் செல்வதாக என் வீட்டார் நினைத்துக் கொண்டிருந்தார்கள். உண்மையில் நாய்தான் என்னை அழைத்துச் சென்று கொண்டிருந்தது. பால்காரர் முதல் என் மாணாக்கர்கள் வரையில் தெருவில் எல்லோரும் இதைக் கண்டு களித்தார்கள். வகுப்பில் ஐம்பது பிள்ளைகளை அடக்கி ஆளும் உபாத்தியாயர், 20 கிலோ எடையுள்ள ஒரு ஜீவனின் பின்னால் செருப்புத் தேய ஓடும் காட்சி யாருக்குத்தான் ரஸிக்காது?

மணி சிப்பிப்பாறை ஜாதியைச் சேர்ந்தவன். என் மைத்துனர் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து குட்டியாகக் கொண்டுவந்து கொடுத்தார். முயலைக் கண்ணால் கண்ட மாத்திரத்தில் அம்புபோல் பாய்வதற்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்ட இனம் அது. எங்கள் தெருவில் முயல் கிடையாது. ஆனால் பூனைகளுக்குக் குறைவில்லை. ஒரு நாள் காலை ஒரு பூனை குறுக்கே ஓடியபோது கயிறு என் மனைவியின் கையில் இருந்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று அவள் அதைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கொண்டிருந்தாள். அந்தப் பத்திரம்தான் ஆபத்தாய் முடிந்தது. கீழே விழுந்ததில் மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது.

அன்று இரவே குடும்ப மகாநாடு கூடிற்று. "வாயில்லா ஜீவனைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் நம் வீட்டுக்கு இது ஆகாதப்பா, ஊருக்கே அனுப்பி விடு" என்றார் என் தாயார். என் பெண் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டாள். என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகப் பயத்தை உண்டாக்கியது. முடிவில், மாவுக்கட்டைப் பிரிக்கும் வரையில், அதாவது ஆறு வாரம், எனக்குத் தவணை கிடைத்தது.

மறுநாள் கடைக்குச் சென்றேன். "இழுக்கிற நாய்க்குக் கழுத்துப் பட்டை உதவாது, ஸார். ஹார்னெஸ் போடுங்கள்" என்று சொல்லி, முதுகில் வளையம் வைத்த ஒரு மார்புப் பட்டையைக் கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார். பளபளவென்று அழகாகவே இருந்தது. அடுத்த நாள் மணி முன்னிலும் இரண்டு மடங்கு உற்சாகமாக இழுத்தான். கழுத்து நெரிகிற சிரமமும் இப்போது இல்லையல்லவா?

அப்போதுதான் என் பாட்டனாருடைய மாட்டு வண்டி நினைவுக்கு வந்தது. மாடு பாரம் இழுக்க வேண்டுமானால் திமிலுக்கு முன்னால் நுகத்தடியை வைப்பார். மாடு திரும்ப வேண்டுமானால் மூக்கணாங்கயிற்றைத் தொடுவார். எழுத்தறியாத அந்தக் கிழவர் ஒரு நாளும் இந்த இரண்டையும் மாற்றிக் குழப்பிக் கொண்டதில்லை. பட்டதாரியாகிய நானோ, நாயின் மார்பில் நுகத்தடியைப் பூட்டிவிட்டு, "ஏனடா இழுக்கிறாய்?" என்று அதட்டிக் கொண்டிருந்தேன்! அலாஸ்காவில் 1973 முதல் ஆண்டுதோறும் நடக்கும் பந்தயத்தில், பனிச்சறுக்கு வண்டிகளை ஏறக்குறைய ஆயிரம் மைல் தூரம் இழுத்துச் செல்லும் நாய்களுக்குப் பூட்டுவதும் இப்படிப்பட்ட ஏற்பாடுதான். பாரம் மார்பிலே பரவும். கயிறு பின்னாலிருந்து செல்லும். இழுப்பதற்கு அதைவிடச் சிறந்த உபாயம் இல்லை. இழுக்காத நாய்க்கு அது சுகமான சட்டை. இழுக்கிற நாய்க்கு அது ஊக்க மருந்து.

கழுத்துப் பட்டைக்கே திரும்பிவிடலாமா என்று யோசித்தேன். மணியைப் போன்ற வேட்டை நாய்களுக்குத் தலை ஒடுக்கம், கழுத்துதான் பருமன். பட்டையைத் தளர்த்தினால் தலை வழியாக நழுவிவிடும். இறுக்கினாலோ மூச்சு முட்டும். இதற்காகவே மார்ட்டிங்கேல் என்றொரு பட்டை இருக்கிறது. கயிறு விறைக்கும்போது அது ஓரளவு இறுகி, அதற்குமேல் இறுகாமல் நின்றுவிடும். நழுவாது என்பது மட்டுமே அதன் பெருமை; இழுப்பதை அது நிறுத்தாது. மேலும், கழுத்தில் பட்டை மாட்டி இழுக்கும் நாய்க்குக் கண்ணுக்குள் அழுத்தம் உயர்கிறதென்றும், மார்புப் பட்டையில் அவ்வாறு இல்லையென்றும் 2006இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சி கூறுகிறது. 2020இல் இங்கிலாந்தில் செயற்கைக் கழுத்து ஒன்றில் பலவகைப் பட்டைகளை மாட்டி இழுத்துப் பார்த்தவர்கள், பலமாக இழுக்கும் நாய்க்கு அவற்றில் ஒன்றுகூடப் பத்திரமானதல்ல என்று முடிவு கட்டினார்கள்.

சுருக்குச் சங்கிலியையும் முள் வைத்த பட்டையையும் சிபாரிசு செய்த நண்பர்கள் இருந்தார்கள். பிரம்பை வகுப்பறையிலிருந்து 2009ஆம் வருஷத்துச் சட்டமே வெளியேற்றிவிட்டது. அதை நாயின் கழுத்தில் கட்டித் தொங்கவிட நான் தயாராக இல்லை. இதில் இரக்கத்தைவிடப் பெரிய காரணமும் ஒன்று உண்டு. எதிரே வரும் குழந்தையை ஆவலோடு பார்த்து இழுக்கும்போது கழுத்தில் முள் குத்தினால், தான் இழுத்ததால் குத்தியது என்று நாய் எண்ணுமா, குழந்தையைக் கண்டதால் குத்தியது என்று எண்ணுமா? பின்னதை எண்ணிவிட்டால் விபரீதம். மின்சார அதிர்ச்சி தரும் பட்டையை வேல்ஸ் நாட்டில் 2010இலேயே தடை செய்துவிட்டார்கள்.

மூக்கணாங்கயிற்றுக்கு நேரான சாதனம் மூக்கின் மேலும் காதுகளுக்குப் பின்னாலும் மாட்டும் தலைப் பட்டை. தலை திரும்பினால் உடல் திரும்பும். உடல் பலம் குறைந்தவர்கள் கனத்த நாயை நடத்த அது உதவும். பல நாள் பழக்கித்தான் மாட்ட வேண்டும். மணிக்கு நான் அதை வாங்கவில்லை. ஒரே பாய்ச்சலில் வேகம் பிடிக்கிற நாய் கயிற்றின் கோடியில் சட்டென்று நின்றால் கழுத்து முறுக்கிக் கொள்ளும் என்ற பயம். தவிர, தெருவார் அதை வாய்க்கூடு என்று எண்ணி, "உபாத்தியாயர் வீட்டு நாய் கடிக்குமாம்" என்று வதந்தி கிளப்புவார்கள்.

கடைசியில் நான் தேர்ந்தெடுத்தது மார்பின் முன்பக்கத்தில் வளையம் வைத்த மார்புப் பட்டை. இழுத்தால் நாய் முன்னேறாது. கயிறு அதைப் பக்கவாட்டில் நம் பக்கமாகத் திருப்பிவிடும். வாங்கும்போது நாயைக் கூடவே அழைத்துச் செல்லுங்கள். முன்னங்கால்களுக்குப் பின்னால் மார்பின் சுற்றளவை அளக்க வேண்டும். பட்டைக்கும் உடலுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். வார் தோள்மூட்டின் குறுக்கே படிந்தால் நடை குறுகிவிடும். மார்பெலும்பின்மேல் இறங்கிக் கால்களுக்கு நடுவே செல்லும் அமைப்பே நல்லது. மணிக்கு மார்பு ஆழம், இடுப்பு ஒடுக்கம். ஆகையால் பின்னால் நகர்ந்தே பட்டையிலிருந்து கழன்றுகொள்ளக் கூடியவன். அவனுக்கு விலாவின் கடைசியில் மூன்றாவது வார் ஒன்றும் வேண்டியிருந்தது. ரோமம் குட்டையானதால் கால் இடுக்கில் தோல் சிவக்கிறதா என்று தினமும் பார்க்கிறேன்.

கயிறு 6 அடி நீளமுள்ள பருத்தி வார். தானாக நீண்டு சுருளும் கயிறு இந்தக் காரியத்துக்கு உதவாது. எப்போதும் சிறிது விறைப்பாகவே இருப்பதால், இழுத்தால் இடம் கிடைக்கும் என்றே அது நாய்க்குக் கற்றுக் கொடுக்கிறது. எந்தக் கயிறானாலும் கையில் சுற்றிக் கொள்ளாதீர்கள். எங்கள் வீட்டில் இதை ஒரு முறை கற்றுக்கொண்டது போதும்.

இவ்வளவும் வாங்கி மாட்டிய முதல் நாள் மணி சற்று இழுத்து, திரும்பி, என்னை ஆச்சரியத்தோடு பார்த்தான். மூன்றாம் நாள் பக்கவாட்டில் சாய்ந்துகொண்டே இழுக்கக் கற்றுக்கொண்டுவிட்டான். பட்டை அவகாசம் வாங்கிக் கொடுக்குமே தவிர, பாடம் சொல்லிக் கொடுக்காது. தார்ண்டைக் என்ற அமெரிக்க அறிஞர் 1898இல் பூனைகளைப் பெட்டியில் அடைத்துப் பார்த்து, எந்தச் செய்கை பலன் தருகிறதோ அதையே பிராணி மீண்டும் செய்யும் என்று கண்டார். ஆசிரியர் பயிற்சிப் பரீட்சையில் இதைப் பற்றி நான்கு பக்கம் எழுதியவன் நான். தெருவில் மணி இழுத்தபோதெல்லாம், அவன் விரும்பிய விளக்குக் கம்பத்துக்குப் பின்னாலேயே ஓடிப் பலனைக் கொடுத்தவனும் நானே.

ஆகவே, கயிறு விறைத்தால் நின்றேன். தளர்ந்தால் நடந்தேன். என் காலருகில் வந்தால் ஒரு விள்ளல் இட்லி. முதல் நாள் எங்கள் வாசலிலிருந்து விளக்குக் கம்பத்தை அடைய 25 நிமிஷம் ஆயிற்று. பால்காரர் வண்டியை நிறுத்தி, "உடம்பு சரியில்லையா, ஸார்?" என்று விசாரித்தார். இரண்டு வாரம் பொறுத்திருந்தபோது முன்னேற்றம் திடீரென்று நின்றுவிட்டது. விசாரித்ததில் உண்மை வெளிப்பட்டது: மாலையில் என் பெண் டியூஷனுக்குப் போகும் அவசரத்தில் அவனை இழுக்க விட்டிருக்கிறாள். பத்துத் தடவையில் ஒரு தடவை பலித்தாலும் அவன் பதினோராவது தடவையும் முயன்று பார்ப்பான். அன்று முதல் கயிற்றைத் தொடுகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே விதி என்று சட்டம் செய்தோம்.

சென்ற வியாழக்கிழமை மாவுக்கட்டைப் பிரித்தார்கள். மணி இன்னும் பூனையைக் கண்டால் நடுங்குகிறான். ஆனால் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு நடுங்குகிறான். என் தாயார் தீர்ப்பை வாபஸ் வாங்கவில்லை. இட்லிக்கு அரைக்கும்போது அரைப்படி கூடுதலாகப் போடுகிறார், அவ்வளவுதான். நாளைக் காலையில் கயிற்றை என் மனைவி பிடிக்கப் போகிறாள். இடது கையில். நான் பத்தடி பின்னால், பேசாமல் வரவேண்டும் என்று ஏற்பாடு.