மாற்றுப் பார்ப்பது யார்?

நகைக் கடையில் ஒரு சங்கிலி வாங்குகிறோம். "அசல் சொக்கத் தங்கம்" என்று கடைக்காரர் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்கிறார். இருந்தாலும் தெரிந்த பத்தர் ஒருவரிடம் கொடுத்து உரைத்துப் பார்க்கும் வரையில் நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு மனம் சமாதானமடைவதில்லை. கடைக்காரரை அவமதிக்கும் எண்ணம் இதில் லவலேசமும் கிடையாது. விற்றவரே மாற்றும் சொல்லக் கூடாது என்ற பழைய நியாயந்தான்.

சங்கிலி விஷயத்தில் காட்டும் ஜாக்கிரதையைப் பிள்ளைகளின் பட்டத்தின் விஷயத்தில் நாம் காட்டுகிறோமா என்றால், இல்லை. மூன்று வருஷம் சம்பளம் கட்டி, பஸ்ஸுக்கும் விடுதிக்கும் பணம் கொடுத்து, கடைசியில் பையனோ பெண்ணோ பி.எஸ்ஸி. முதல் வகுப்பு என்று ஒரு காகிதத்தைக் கொண்டு வந்தால், சட்டம் போட்டுச் சுவரில் மாட்டி விடுகிறோம். அந்த முதல் வகுப்பின் மாற்று என்ன? அதை உரைத்துப் பார்த்தவர் யார்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவை சில கமிட்டிகள். அவற்றின் பெயர்கூட நம்மில் பலருக்குத் தெரியாது.

ஆதியில் இந்த ஏற்பாடு மிகவும் எளிதாக இருந்தது. 1857-ம் வருஷம் சென்னைச் சர்வகலாசாலை ஏற்பட்டபோது, லண்டன் சர்வகலாசாலையைப் பார்த்து அதை அமைத்தார்கள். அது பாடம் சொல்லிக் கொடுக்கவில்லை. பரீட்சை மட்டும் நடத்திற்று. முதன் முதலில் அதன் பி.ஏ. பட்டம் பெற்ற இருவரில் ஒருவர், பிற்காலத்தில் பழந்தமிழ் நூல்களை ஏட்டிலிருந்து அச்சேற்றிய சி. வை. தாமோதரம் பிள்ளை. அவர் படித்தது யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டை ஸெமினரியில். பட்டம் அளித்தது கடலுக்கு இப்பாலுள்ள சென்னை. கற்பித்தவர் வேறு, சோதித்தவர் வேறு. மாற்றுப் பார்ப்பதில் பக்ஷபாதம் நுழைவதற்கு அதிக இடமில்லை.

ஆனால் இந்த முறையில் வேறொரு வியாதி இருந்தது. பரீட்சையில் வராதது படிப்பே அல்ல என்று ஆகிவிட்டது. பாட புஸ்தகம் போய் நோட்ஸ் வந்தது; நோட்ஸ் போய் 'முக்கியமான கேள்விகள்' வந்தன. லண்டனிலேயே 1898-ம் வருஷத்துச் சட்டத்தினால், போதனையும் சர்வகலாசாலையின் வேலைதான் என்று ஏற்றுக் கொண்டார்கள். 1904-ம் வருஷத்து இந்தியச் சர்வகலாசாலைச் சட்டம் இங்கும் அதற்கு வழி திறந்து, கல்லூரிகளைச் சோதனையிடுவதையும் கண்டிப்பாக்கியது. 1917 முதல் 1919 வரை கல்கத்தா சர்வகலாசாலையை ஆராய்ந்த ஸாட்லர் கமிஷன், படிப்பு சம்பந்தமான விஷயங்களைப் படித்தவர்களின் சபை ஒன்றே தீர்மானிக்க வேண்டும் என்று வற்புறுத்தியது. 1923-ம் வருஷத்துச் சென்னைச் சர்வகலாசாலைச் சட்டத்தில் அத்தகைய சபை இடம் பெற்றது. அதுதான் 'அகாடமிக் கௌன்ஸில்' என்னும் கல்விச் சபை.

அப்படியும் பரீட்சைப் பிசாசு விடவில்லை. சுதந்திரம் வந்த பின்னர் 1948-49-ல் டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையில் விசாரித்த கமிஷன், சர்வகலாசாலைக் கல்வியில் ஒரே ஒரு சீர்திருத்தந்தான் சொல்லலாம் என்றால் பரீட்சைச் சீர்திருத்தத்தையே சொல்லுவோம் என்ற கருத்தை வெளியிட்டது. பிறகு 1964-66-ல் கோத்தாரி கமிஷன், தகுதியுள்ள கல்லூரிகளுக்குத் தன்னாட்சி கொடுங்கள் என்றது. தமிழ்நாட்டில் 1978-ம் வருஷம் சில கல்லூரிகள் அந்த உரிமையைப் பெற்றன. இன்று அத்தகைய கல்லூரிகள் அநேகம்.

தன்னாட்சி என்றால் என்ன? பாடத்திட்டம் வகுப்பது, வினாத்தாள் தயாரிப்பது, விடைத்தாள் திருத்துவது எல்லாம் கல்லூரியின் பொறுப்பு. பட்டம் மட்டும் சர்வகலாசாலையின் பெயரில் வரும். நல்ல ஆசிரியர்களுக்கு இது பெரிய வரப்பிரசாதம். ஆனால் நகையைச் செய்கிறவரும் மாற்றுப் பார்க்கிறவரும் இப்போது ஒரே கடையில் உட்கார்ந்து விட்டார்கள் அல்லவா? ஆகையினால்தான் கமிட்டிகளின் வேலை முன்னைக் காட்டிலும் முக்கியமாகிறது.

முதல் கமிட்டி பாடத்திட்டக் குழு. அந்தத் துறையின் ஆசிரியர்களோடு வெளியூர் நிபுணர்கள், துணைவேந்தர் நியமிக்கும் ஒருவர், தொழில்துறையைச் சேர்ந்த ஒருவர், பழைய மாணவர் ஒருவர் ஆகியோர் அதில் அங்கத்தினர்கள். எதைப் படிப்பது, எத்தனை மணி நேரம், எந்தப் புஸ்தகம் என்று அவர்கள் முடிவு செய்கிறார்கள். அம்முடிவைக் கல்விச் சபை பரிசீலித்து அங்கீகரிக்க வேண்டும். பரீட்சை முடிந்த பிறகு 'பாஸிங் போர்டு' கூடி, முடிவுகளை வெளியிடலாமா என்று பார்க்கிறது. இவற்றுக்கு மேல் கல்லூரிக்குள்ளேயே அகத்தர உறுதிக் குழு என்று ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலாக, 1994-ல் பெங்களூரில் ஏற்பட்ட தேசிய மதிப்பீட்டு அங்கீகாரக் கௌன்ஸில், அதாவது 'நாக்'.

இதில் வெளி மனிதர் வந்து உட்காருவதுதான் உயிர்நாடி. இது புதிய யோசனையன்று. 1832-ல் இங்கிலாந்தில் டர்ஹாம் சர்வகலாசாலை ஆரம்பமானபோது, தங்கள் பட்டத்தை உலகம் நம்ப வேண்டுமென்பதற்காக ஆக்ஸ்போர்டிலிருந்து பரீட்சகர்களை வரவழைத்தார்கள். அந்நாட்டுச் சர்வகலாசாலைகளில் வெளிப் பரீட்சகர் முறை வேரூன்றியது அப்படித்தான்.

ஆனால் வெளி மனிதர் வந்தால் மட்டும் போதுமா? பத்தரை மணிக்குக் கூட்டம். நிகழ்ச்சி நிரலில் பதினான்கு விஷயங்கள். பதினான்குக்கும் எதிரே "விவாதித்து அங்கீகரிக்கப்பட்டது" என்று முன்கூட்டியே தட்டச்சாகியிருக்கிறது. போளியும் வடையும் வருகின்றன. நிபுணர் பிரயாணப் படியை வாங்கிக் கொண்டு பன்னிரண்டு மணி பஸ்ஸைப் பிடிக்கிறார். எல்லாக் கூட்டமும் இப்படி என்று சொன்னால் அபசாரம். ராத்திரி கண்விழித்துப் பாடத்திட்டத்தை வரிவரியாகப் படித்து, "இந்தப் புஸ்தகம் காலாவதியாகி விட்டது, இந்தப் பகுதியைப் பதினைந்து மணி நேரத்தில் நடத்தவே முடியாது" என்று முகத்துக்கு நேரே சொல்லும் நிபுணர்களும் இருக்கிறார்கள். அவர்களை மறுமுறை அழைக்கிறார்களா என்பதில்தான் அந்தக் கல்லூரியின் யோக்கியதை தெரியும்.

இன்னொரு சங்கடம். கமிட்டியின் மேஜைக்குக் காகிதம் வரும், வகுப்பறை வராது. ஒரு வகுப்பில் 60 பேரில் 57 பேர் தேறியதாக வைத்துக் கொள்வோம். ஆசிரியர் அருமையாகப் பாடம் நடத்தினார் என்றும் அதற்கு அர்த்தம் சொல்லலாம். வினாத்தாள் மிகவும் எளிது என்றும் சொல்லலாம். எண்ணைப் பார்த்து மகிழும் கமிட்டிக்கு இரண்டும் ஒன்றுதான். விழிப்புள்ள கமிட்டி வேறொன்று பார்க்கும். கல்லூரிக்குள்ளே போடும் 25 மார்க்கில் எல்லோருக்கும் 23, 24. கடைசிப் பரீட்சையின் 75-ல் அதே பிள்ளைகளுக்கு 30, 32 என்றிருந்தால், எங்கேயோ தாராளம் நடந்திருக்கிறது என்று கண்டு கொள்ளும். விடைத்தாள்களில் சிலவற்றை எடுத்து வேறொருவரைக் கொண்டு மறுபடி திருத்தச் சொல்லும். கடைசி இரண்டு பகுதிகளைப் பற்றிய கேள்விகளை ஒருவருமே தொடவில்லையென்றால், அந்தப் பகுதிகளை நடத்தினார்களா என்று மாணவர்களையே கேட்கும். உரைகல் என்பது இதுதான்.

மேலிருந்து வரும் சோதனையைத் தெய்வ வாக்காகக் கொள்ளவும் முடியவில்லை. 2025-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில், ஒரு கல்வி நிறுவனத்தைப் பரிசீலிக்கச் சென்ற 'நாக்' குழுவின் தலைவர் உள்ளிட்ட சிலரை, நல்ல தரம் கொடுக்க லஞ்சம் பெற்றதாகக் குற்றஞ்சாட்டி ஸி.பி.ஐ. கைது செய்தது. குற்றம் நிரூபணமாகிறதா என்பது நீதிமன்றத்தின் விஷயம். ஆனால் உரைகல்லையும் உரைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது என்பதற்கு இதைவிட அத்தாக்ஷி வேண்டியதில்லை.

பள்ளிக்கூட உபாத்தியாயனாகிய எனக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். பிளஸ் டூ முடித்துப் போகும் பிள்ளைகளை வழியனுப்பி வைக்கிறவன் நான். மூன்று வருஷம் கழித்து முதல் வகுப்புப் பட்டத்துடன் வந்து, வேலைக்கு ஒரு மனு எழுதித் தரும்படி சிலர் கேட்கிறார்கள். அவர்கள் மந்த புத்திக்காரர்கள் அல்லர், எனக்குத் தெரியும். அவர்களை ஏமாற்றியது மலிவான மார்க்கு. அது அவர்களை மட்டும் ஏமாற்றவில்லை. பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து உண்மையாகவே உழைத்து முதல் வகுப்பு வாங்கிய பெண்ணின் பட்டத்தையும் சேர்த்து மாற்றுக் குறைத்து விட்டது. வேலை கொடுக்கிறவர் இரண்டு காகிதத்தையும் ஒன்றாகத்தானே பார்ப்பார்?

ஆகவே, அடுத்த முறை கல்லூரி வாசலில் விண்ணப்பப் பாரத்துக்கு நிற்கும்போது, கட்டடத்தையும் விளம்பரப் பலகையையும் பார்த்த பிறகு மூன்று கேள்விகள் கேளுங்கள். பாடத்திட்டம் கடைசியாக எந்த வருஷம் திருத்தப்பட்டது, அப்போது வெளியிலிருந்து வந்தவர்கள் யார்? வினாத்தாளிலும் விடைத்தாளிலும் கல்லூரிக்குச் சம்பந்தமில்லாதவர் கைபடுவது எவ்வளவு? மாணவர்களின் அபிப்பிராயத்தைக் கேட்டு நீங்கள் மாற்றிய ஒரு விஷயத்தைச் சொல்ல முடியுமா?

முதல் இரண்டுக்கும் அலுவலகத்தில் அச்சடித்த பதில் தயாராக இருக்கலாம். மூன்றாவது கேள்விக்குத் தடுமாறாமல் பதில் வருகிற இடமாகப் பார்த்துப் பிள்ளையைச் சேருங்கள்.