நாடகத்தில் நடித்தால் படிப்புக் கெடுமா?

"படிக்கிற பிள்ளைக்குக் கூத்து எதற்கு?" என்று கேட்கும் பெற்றோரைக் குறை கூறுவதற்கில்லை. விடியுமுன் மரம் வெட்டப் போய், வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் படிக்க வைப்பவர்கள் அவர்கள். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-லும் பி.டி.3 தேர்வு 2022-லும் ஒழிந்தன என்றாலும் எஸ்.பி.எம். இருக்கிறதே! ஆனால் அந்த அச்சம் முழுவதும் நாடகத்தின் மேல் விழுவது நியாயமா?

எங்கள் தோட்டத்துச் சிறுமி ஒருத்தி பட்டணத்து இடைநிலைப் பள்ளியில் நாடகத்திற்குத் தேர்வானாள். ஒத்திகை மாலை ஐந்து மணி வரை. தோட்டத்து வேனோ இரண்டரைக்கே புறப்பட்டுவிடும். வேலை முடிந்து களைத்த தகப்பனார் மோட்டார் சைக்கிளில் போய் அழைத்து வருவார். வீடு சேர ஆறரை. ஏட்டைத் திறந்தால் கண் சொக்கும். மூன்றாம் வாரம் கணக்கில் மதிப்பெண் சரிந்தது. உடனே நாடகத்திலிருந்து பெயரை அடித்துவிட்டார்கள். அவள் வேடம் பள்ளிக்கு அருகில் குடியிருக்கும் பிள்ளைக்குப் போயிற்று. கெடுத்தது நாடகமா, வேனா?

அரசாங்கப் பல்கலைக்கழக நுழைவுக்குத் தேர்வுக்கு 90 விழுக்காடு, புறப்பாட நடவடிக்கைகளுக்கு 10 விழுக்காடு என்று கணக்கிடுகிறார்கள். எஸ்.பி.எம்.மில் மலாய், ஆங்கிலம் இரண்டுக்கும் பேச்சுத் தேர்வும் உண்டு. இந்தப் புள்ளிக் கணக்கைக் காட்டி நாடகத்திற்கு வக்காலத்து வாங்க எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. பிரட்டுக் களத்தில் துரை முன்னே ஒரு வார்த்தை கேட்க நம் பாட்டன்மார் எத்தனை காலம் நடுங்கினார்கள்! நூறு பேர் முன் நின்று நாத் தழுதழுக்காமல் பேசப் பழகிய பிள்ளைக்கு அந்த நடுக்கம் வராது. அப்படிப்பட்ட பிள்ளையை மேடையிலிருந்து இறக்கிவிட்டுப் புத்தகத்தை மட்டும் கையில் கொடுப்பதா?

தலைமையாசிரியர்கள் ஒத்திகையைப் புறப்பாட நாளிலேயே வைத்துக் கொள்ளட்டும். தேர்வு மாதத்தில் மேடையேற்றம் வேண்டாம். மதிப்பெண் குறைந்த பிள்ளையை நீக்குமுன், வீடு எத்தனை மைல் என்று ஒரு வார்த்தை கேட்கட்டும். பெற்றோரும், "பாடத்தை முடித்துவிட்டுப் போ" என்று சொல்லலாம். "போகவே கூடாது" என்பது வேறு.

கிளைத் தோழர்களுக்கும் வேலை உண்டு. ஒத்திகை நாளில் வேன் இரண்டாம் நடை போவதற்கு ஆகும் செலவைப் பெற்றோரும் கிளையும் பங்கிட்டுக் கொள்வதைப் பற்றி அடுத்த கூட்டத்தில் பேசுவோம். விடுமுறை ஒத்திகைக்குத் தோட்ட மண்டபத்தைத் திறந்துவிடுமாறு நிர்வாகத்துக்கும் எழுதுவோம்.