மூன்று இடம் கிடைத்தால் எதை எடுப்பது?

பிள்ளைக்கு ஒரு கல்லூரியிலும் இடம் கிடைக்காவிட்டால் கவலை. மூன்று கல்லூரியில் கிடைத்துவிட்டாலோ அதைவிடப் பெரிய கவலை! ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் பல வீடுகளில் இந்தச் சண்டைதான் நடக்கிறது.

எங்கள் தெருவில் ஒரு தையற்காரர் இருக்கிறார். அவர் மகள் ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவள். பிளஸ் டூ தேர்வு முடிந்த கொஞ்ச நாளிலேயே ஒரு தரகர் வீடு தேடி வந்தார். "10 ஆயிரம் கட்டுங்கள். சீட் உறுதி. அப்புறம் வந்தால் கிடைக்காது" என்றார்.

அப்போது மார்க்கே வரவில்லை. தையற்காரர் மனைவியின் கம்மலை அடகு வைத்துப் பணம் கட்டினார். மகளின் பத்தாம் வகுப்புச் சான்றிதழையும் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

பிறகு மார்க் வந்தது. நல்ல மார்க்! உள்ளூர் அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் கிடைத்தது. அடுத்து, கலந்தாய்வில் வெளியூர் அரசுப் பொறியியல் கல்லூரியில் மின்னியல் கிடைத்தது. ஆக மூன்று இடம்.

"என்ன செய்வது அண்ணே? 10 ஆயிரம் கட்டிவிட்டேனே!" என்று என்னிடம் வந்தார்.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். 10 ஆயிரத்தைக் காப்பாற்றப் போய், நான்கு வருடம் லட்சம் லட்சமாகக் கட்டுவதா? என்ன கணக்கு இது?

இன்னொன்றையும் பெற்றோர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு, பொறியியல் போன்ற படிப்புகளில் 7.5 சதவீத இடம் ஒதுக்க 2021-ல் சட்டம் வந்தது. அப்படிச் சேருவோரின் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கும் என்று அதே ஆண்டில் அறிவிக்கப்பட்டது. குடும்பத்தில் முதல் பட்டதாரி ஆகப்போகிற பிள்ளைக்கும் சலுகை உண்டு. ஆனால், கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால்தான் இவை கிடைக்கும். தரகர் பிடித்துத் தரும் நிர்வாக ஒதுக்கீட்டுச் சீட்டுக்குக் கிடையாது.

வந்த தரகர் இதைச் சொல்லவில்லை. அவர் ஏன் சொல்லப் போகிறார்?

சரி, கொடுத்த சான்றிதழ்? அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் விதி செய்தது. கட்டிய கட்டணத்தைத் திருப்பித் தரவும் அதே விதியில் வழி சொல்லியிருக்கிறது. சீக்கிரம் விலகினால் பெரும்பகுதி திரும்பும். நாள் ஆக ஆகத் தொகை குறையும். எனவே தயங்காமல் எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். வாயால் கேட்டால் "நாளை வா" என்பார்கள்.

எது நல்ல கல்லூரி? பஸ் நிலையத்து விளம்பரப் பலகையை நம்பாதீர்கள். அதில் எல்லாக் கல்லூரியும் முதலிடம்தான்! அண்ணா பல்கலைக்கழகம் தன்னோடு இணைந்த கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை வெளியிடுகிறது. படித்த பிள்ளை யாரையாவது செல்போனில் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். வேலை நாளில் நேரே போய், அங்கே படிக்கும் மாணவர்களிடம் கேளுங்கள். வாத்தியார் வருகிறாரா? ஆய்வகம் திறக்கிறார்களா? அவர்கள் உண்மையைச் சொல்லிவிடுவார்கள்.

தையற்காரர் வீட்டில் எல்லோரும் பேசினார்கள். அந்தப் பெண் மட்டும் பேசவில்லை. "நீ என்னம்மா சொல்றே?" என்று நான்தான் கேட்டேன்.

"கரண்ட் வேலை படிக்கணும் மாமா" என்றாள்.

கணிதம் என்று அவள் சொல்லியிருந்தால் உள்ளூர்க் கல்லூரியே போதும் என்றிருப்பேன். பி.எஸ்சி. ஒன்றும் மட்டமான படிப்பு அல்ல.

பாட்டிதான் ஒத்துக்கொள்ளவில்லை. "வயசுப் பொண்ணை வெளியூர் விடுதியிலே விடறதா?" என்று அழுதார். பாட்டி பயந்ததில் தப்பு என்ன? மறுநாளே மகன் அவரைப் பஸ்சில் அழைத்துப் போய் விடுதியைக் காட்டினார். பாட்டி அறையைப் பார்த்தார். கதவுத் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தார். சமையற்கட்டிலும் நுழைந்து ஒரு கரண்டி சாம்பாரை வாங்கிக் குடித்தார்.

சான்றிதழ் திரும்பி வந்துவிட்டது. பணத்துக்குத்தான் தையற்காரர் இன்னும் நடையாய் நடக்கிறார்.

"சாம்பார் எப்படி?" என்று பாட்டியைக் கேட்டேன்.

"உப்பு கொஞ்சம் தூக்கல். புள்ளை பழகிக்குவா" என்றார்.