ஒன்பது நாளில் லடாக்காம்!

இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் பக்கம் வேலை பார்க்கும் பசங்களுக்கு ஒரு கனவு உண்டு. பைக்கிலேயே லடாக். ராயல் என்ஃபீல்டு 2013-லிருந்து ஒரகடத்திலேயே தயாராகிறது. வண்டி இந்த மண்ணில் பிறந்தது, அதை லேயில் நிறுத்தி ஒரு போட்டோ எடுக்காவிட்டால் எப்படி? ஆசையில் தப்பே இல்லை. தப்பெல்லாம் அந்த "ஒன்பது நாள் பிளானில்"தான்.

கணக்கைப் பார்ப்போம். சென்னையிலிருந்து டெல்லி சுமார் 2,200 கி.மீ. டெல்லியிலிருந்து மணாலி சுமார் 530. மணாலியிலிருந்து லே சுமார் 430. போக மட்டும் 3,160. திரும்பி வர அதே அளவு. ஒன்பதால் வகுத்தால் தினமும் 700 கி.மீ. தாண்டுகிறது. லேயில் உட்கார்ந்து ஒரு டீ குடிக்கக்கூட நாள் மிச்சமில்லை! ஒரு நட்டு வராவிட்டால் லைன் நின்றுவிடும் என்று நிமிடக் கணக்கில் வேலை பார்க்கிறவர்கள் போடுகிற பிளானா இது?

லடாக் வெறும் பனிமலை அல்ல, குளிர் பாலைவனம். சென்னையில் வருடத்துக்கு சராசரியாக 1,400 மி.மீ. மழை என்றால் லேயில் 100 மி.மீ. அளவுதான். மணாலி சாலையில் தாண்டி என்ற ஊரின் பெட்ரோல் பங்கில், அடுத்த பங்க் 365 கி.மீ. தள்ளி என்று பல வருடங்கள் ஒரு பலகை இருந்தது. அதன் முன்னால் போட்டோ எடுப்பது ஃபேஷன். ஆனால் ஏற்றத்தில் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் ஊர்ந்தால் சென்னை மைலேஜ் கிடைக்குமா என்று யோசிப்பவர்கள் குறைவு.

பெட்ரோலாவது கேனில் கிடைக்கும். மூச்சு? மணாலி சுமார் 2,050 மீட்டர். வழியில் கூடாரம் போட்டுத் தூங்கும் சர்ச்சு சுமார் 4,290 மீட்டர். 3,000 மீட்டருக்கு மேல், தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதே என்பது மருத்துவர்களின் பொது விதி. 2020-ல் திறந்த அடல் சுரங்கப்பாதை 46 கி.மீ.யைக் குறைத்தது. உடம்பு பழக வேண்டிய நாட்களை அது குறைக்கவில்லை. தலைவலி, வாந்தியோடு "சமாளிச்சுக்கலாம் மச்சி" என்று மேலே ஏறினால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்து உயிர் போகலாம். அதற்கு முதல் வைத்தியம், உடனே கீழே இறங்குவது.

"அட்வென்ச்சர்னா ரிஸ்க் இருக்கத்தான் செய்யும்" என்பார்கள். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக் வெறும் 3.7 கி.மீ. அங்கேயே வண்டியைச் சோதிக்காமல், ஆம்புலன்ஸ் நிற்காமல் பந்தயம் தொடங்காது. ரிஸ்க்கைத் தொழிலாகவே வைத்திருப்பவர்கள் அப்படி இருக்கிறார்கள். ஆம்புலன்ஸே இல்லாத மலைக்குப் போகிறவர்களுக்கு மட்டும் தைரியம் போதுமாம்! மாட்டிக்கொண்டால் ஓடி வரவேண்டியது ராணுவமும், எல்லைச் சாலை அமைப்பின் கூலித் தொழிலாளிகளும்தான்.

பி.காம். படிக்கிறவனுக்கு வாரா ஐயக்கடன் ஒதுக்கு என்று சொல்லித் தருகிறார்கள். வராமல் போகக்கூடிய பணத்துக்கு முன்கூட்டியே ஒதுக்கி வை என்று அர்த்தம். பயணத்துக்கும் அதேதான். ஜம்மு வரை ரயில் 3 நாள், வண்டி பார்சலில். ஸ்ரீநகர் 1, கார்கில் 1, லே 1. இந்த வழியில் ஏற்றம் மெதுவானது. லேயில் ஓய்வு 2, நுப்ரா 2. நிலச்சரிவுக்கோ பஞ்சருக்கோ ஒதுக்கு 1. மணாலி வழியாக இறங்க 2, டெல்லி 1, ரயிலில் வீடு 2. மொத்தம் 16 நாள்.

அவ்வளவு லீவு கிடைக்காதா? இந்த வருடம் ஏற்காடு போய்விட்டு வரட்டும். லே அடுத்த வருடமும் அங்கேதான் இருக்கும்.